மசினகுடிக்கு மறுபடியும் போனோம்

என் மகள் ஏழு வயதில் எழுதிய நோட்டு ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் "27.12.2013, காலை 6.40, ஓடைப் பக்கம், காட்டெருமை 4, குட்டி 1" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடுத்த வரி, "மயில் 11". அதற்கும் அடுத்தது, "யானைச் சாணி, சூடு இருக்கு".

அவளை அப்படி எழுத வைத்தவர், மசினகுடிக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்த இருளர் அண்ணன் ஒருவர். என்ன பார்த்தாலும் முதலில் தேதியும் நேரமும் போட வேண்டும், அப்புறம் இடம், அப்புறம்தான் விலங்கின் பெயர் என்று சொல்லிக்கொடுத்தார். அங்கே மூன்று நாள் இருந்தோம். திரும்பி வந்து பத்து வருடம், காட்டுப் பக்கம் எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சை நம்பி எட்டுப் பத்துக் குடும்பங்களாவது போயிருக்கும்.

2025 பிப்ரவரியில் நாங்களே மறுபடியும் போனோம். இரண்டு இரவுக்குப் பணம் கட்டியிருந்தோம். ஒரு இரவோடு கிளம்பிவிட்டோம். நான் அனுப்பி வைத்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் போன் செய்து சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் அங்கே பார்த்ததை எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊட்டிக்கு வடக்கே மலை சட்டென்று சரிந்து இறங்குகிற இடத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும் விரிந்து கிடக்கிற மேட்டுநிலம்தான் சீகூர். மலை மறைவில் இருப்பதால் ஊட்டிக்கும் கூடலூருக்கும் கொட்டுகிற மழை இங்கே வருவதில்லை. முள்காடு, புதர்க்காடு, ஓடை ஓரத்தில் மட்டும் நீர்மருது, மூங்கில். பார்வைக்கு வறண்ட பூமி. ஆனால் யானைகளுக்கு இது முக்கியமான நடைபாதை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே போய்வருகிற யானைகள் இந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். முதுமலை 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமானது. அதன் உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டினாற்போல் இருக்கும் மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஊர்களில்தான் ரிசார்ட்டுகள் முளைத்தன.

2013-இல் நாங்கள் தங்கிய இடத்தில் ஆறே ஆறு ஓட்டு வீடுகள். வேலி கிடையாது. வீடுகளுக்கு நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு தடம் ஓடைக்கு இறங்கும். அதில் ஒரு நாற்காலிகூடப் போட்டு வைக்க மாட்டார்கள். "இது அவங்க வழிங்க. நாமதான் ஓரமா இருக்கோம்" என்றார் அந்த அண்ணன். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளி விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அறையில் கொடுத்திருந்த டார்ச்சின் கண்ணாடியில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. சாப்பாடு ராகிக் களியும் அவரைக் குழம்பும், விருப்பம் இருந்தால் கோழி. மீந்ததை இரும்பு மூடி போட்ட டிரம்மில் போட்டு, தினமும் காலையில் ஜீப்பில் ஏற்றி மசினகுடிக்குக் கொண்டுபோவார்கள். அப்போது அதையெல்லாம் நான் பெரிதாகக் கவனிக்கவே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது.

காலையில் ஆறு மணிக்கு அந்த அண்ணன் கதவைத் தட்டுவார். வெள்ளைச் சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு விலங்குகூடக் கண்ணில் படவில்லை. என் கணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்போது மந்தி ஒன்று மரத்து உச்சியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் கொடுத்தது. அவர் எங்களை நிறுத்தி, "மேல இருக்கறவன் பார்த்துட்டான். கீழ இருக்கற புள்ளிமான் இப்ப பதில் சொல்லும், கேளுங்க" என்றார். சொன்னாற்போலவே கீழேயிருந்து மான் கத்தியது. ஏதோ ஒன்று, சிறுத்தையாக இருக்கலாம், செந்நாயாக இருக்கலாம், எங்களுக்கு முன்னால் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்தக் காலையில் பார்த்தது போலத்தான் இருந்தது.

ஓடை ஓரத்தில் ஓர் உயரமான நீர்மருதைக் காட்டினார். அதன் கிளையில் வெண்முதுகுப் பாறுக் கழுகு ஒன்று தோளைக் குறுக்கி உட்கார்ந்திருந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக் கழுகின் வயிற்றுக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பதை நான் முதலில் கேட்டது அந்த மரத்தடியில்தான். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற சொற்ப இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. யானைச் சாணியைக் குச்சியால் பிரித்து உள்ளே இருந்த புளியங்கொட்டையையும் விளாங்காய் விதையையும் மகளிடம் காட்டி, "யானை நாத்து விட்டுட்டுப் போயிருக்கு பாப்பா" என்றார். அவள் சாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் "சூடு இருக்கு" என்று எழுதினாள்.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். நீலகிரிக்குள் நுழைய இப்போது இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படித்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் சுமார்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை, ஏறி வர மட்டும் விடுகிறார்கள். அதனால் நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு என்று சுற்றித்தான் போனோம். தெப்பக்காட்டுப் பக்கம் சாலை ஓரத்தில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மகள் பதினெட்டு வயதில், அதே பழைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மீதிப் பக்கங்களை நிரப்ப வேண்டும் என்பது அவள் ஆசை.

ரிசார்ட்டின் பெயர்ப்பலகை கீழே சாய்ந்து கிடந்தது. உள்ளே போகிற மண்பாதையில் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டி, காரின் இரு பக்கமும் கீறிக்கொண்டே வந்தது. உண்ணிச்செடி இந்தக் காட்டுக்கே வந்த நோய். அழகுச் செடியாக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, பரவி, புல்லை முளைக்க விடாமல் செய்துவிட்டது. மான் அதைத் தின்னாது. முதுமலையில் வனத்துறை அதை வேரோடு பிடுங்கப் பல வருடங்களாகப் போராடுகிறது. அந்தக் குச்சிகளை வைத்து இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள் நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்து, அவை லண்டன் வரைக்கும் போயின. முன்பு இந்த ரிசார்ட்டில் உண்ணிச்செடி ஒன்றுகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த அண்ணன் நடக்கும்போதே கையோடு பிடுங்கிக்கொண்டு வருவார்.

அறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பூஞ்சை வாடை. போர்வையில் பழைய கறை, மெத்தைக்கு அடியில் எலிப் புழுக்கை. குழாயில் முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. கீசர் வேலை செய்யவில்லை. கொசுவலை கிழிந்த இடத்தில் செய்தித்தாளைச் செருகி வைத்திருந்தார்கள். ஒரு இரவுக்கு 6,500 ரூபாய். இதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். வேறு அறை கேட்டோம், கொடுத்தார்கள், அதிலும் அதே நிலைமை. ஆறு ஓட்டு வீடுகளில் இரண்டுக்குக் கூரையே இறங்கிவிட்டது. அவற்றைத் தாண்டிப் புதிதாக ஒரு நீச்சல்குளம், அதில் பச்சைப் பாசி. இதுவரைக்கும் எனக்கு வருத்தம் மட்டும்தான். கோபம் வரவில்லை.

அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது.

ஓடைக்கு இறங்குகிற அந்தப் பத்தடித் தடத்தில் குறுக்கே சோலார் வேலி போட்டிருந்தார்கள். எப்போது போட்டார்களோ தெரியவில்லை. பாதிக் கம்பங்கள் விழுந்து, கம்பி சுருள் சுருளாக உண்ணிச்செடிக்குள் கிடந்தது. மின்சாரம் இல்லை என்றார்கள். மின்சாரம் இல்லாத கம்பியும் மான்குட்டியின் காலைச் சிக்க வைக்கும். அதைச் சுருட்டி எடுக்க ஓர் ஆள் அரை நாள் வேலை செய்தால் போதும்.

அப்புறம் சமையலறைக்குப் பின்னால். முப்பது அடி தூரத்தில் திறந்த குழி. சோறு, கோழி எலும்பு, தர்பூசணித் தோல், மசாலாப் பாக்கெட், பால் கவர், எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஒரு காட்டுப்பன்றி ஆறு குட்டிகளோடு நின்று தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நகரக்கூட இல்லை. குழியின் மறு ஓரத்தில் யானைச் சாணி. மகள் பழைய பழக்கத்தில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். நார், பட்டை, அதற்குள் மடங்கி நசுங்கின வெள்ளி நிற உறை ஒன்று, ஒரு துண்டு பால் கவர்.

நோட்டை எடுத்து வா என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யானைக்குச் சாப்பாட்டு ருசி காட்டினால் என்ன ஆகும் என்பதை மசினகுடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழைத்தோட்டம் பக்கம் 'ரிவால்டோ' என்று ஓர் ஆண் யானை. தும்பிக்கையின் நுனி அறுபட்டுப்போனதால் ஊரார் பாவம் பார்த்துப் பழம் கொடுத்தார்கள். அதுவே பழகிப்போய் வீடுகளையும் ரிசார்ட்டுகளையும் சுற்ற ஆரம்பித்தது. 2021 மே மாதத்தில் அதைப் பிடித்துக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்துச் சிகிச்சை கொடுத்து, ஆகஸ்டில் தூரக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதே 2021 ஜனவரியில் மாவனல்லா பக்கம் நடந்ததை நான் இங்கே விவரமாக எழுதப் போவதில்லை. தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையின் மேல் தீ வைத்த பொருளை வீசினார்கள், அது காதில் சிக்கி எரிந்தது, யானை செத்துப்போனது. அந்த வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம். குப்பையை மூடாத ஒரு சமையலறையும் அந்தத் தீயும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன. யானை வாசனை பிடித்து வரும், வந்தது பயமுறுத்தும், பயந்தவன் எதையாவது எடுத்து வீசுவான்.

சமையல்காரர் மட்டும் பழைய ஆள். எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "அக்கா, அந்த நோட்டுப் பாப்பாவா இது?" என்று மகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். குழியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"டிரம்மெல்லாம் துருப்பிடிச்சு ஓட்டை ஆயிடுச்சுக்கா. ஜீப்பையும் வித்துட்டாங்க. நானே ஒரு தடவ தலைல வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். தெனமும் முடியுமா?"

முதலாளி வருவதே இல்லையாம். எந்த நாளும் சீல் வைப்பார்கள் என்று பயந்து ஓர் ஆணிகூட அடிக்க விடுவதில்லையாம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2010-இல் தமிழக அரசு சீகூரில் யானை வழித்தடத்தை அறிவித்தது. அடுத்த வருடம் உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. ரிசார்ட்காரர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் அனுமதி இல்லாத ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கச் சொன்னார்கள், 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பு செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தது. ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் போட்டார்கள். அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். வழித்தடத்தில் கட்டடம் நிற்கக் கூடாது, அது நான் நேசித்த இடமாகவே இருந்தாலும். ஆனால் மூடும்வரைக்கும் ஆள் தங்க வைத்துப் பணம் வாங்குகிறவர் குப்பையை மூடித்தானே ஆக வேண்டும்? நாளை மூடப்போகிறார்கள் என்பதற்காக இன்று யானை பிளாஸ்டிக் தின்ன வேண்டுமா?

"அண்ணன் எங்கே?" என்று மகள் கேட்டாள். கொரோனா சமயத்தில் ஆறு மாதம் சம்பளம் தரவில்லையாம். அவர் வேலையை விட்டுவிட்டு வேட்டைத் தடுப்புக் காவலராகச் சேர்ந்துவிட்டார் என்றார் சமையல்காரர். அப்புறம் காலை நடைக்கு ஆளே இல்லை. வரவேற்பில் இருந்த பையனிடம் கேட்டபோது, காட்டுக்குள் போக வேண்டுமென்றால் செல்போனில் மேப் பார்த்து நீங்களே போங்கள் என்றான். அந்தக் காட்டில் அப்படிப் போகச் சொல்வது கொலைக்குச் சமம்.

இரவு ஏழரைக்கு ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. பக்கத்து வீடுகளில் தங்கியிருந்த இளைஞர்கள் கேம்ப்ஃபயர் கேட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், இங்கே அது கூடாது என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லையே. ஒன்பதரைக்கு அந்தப் பையன் எங்கள் கதவைத் தட்டினான்.

"மேடம், நைட் ஒரு ரவுண்டு போலாமா? ஸ்பாட்லைட் இருக்கு. யானை, கரடி கண்டிப்பாப் பாக்கலாம். ஜீப்புக்கு 2,500."

"அனுமதி இருக்கா தம்பி?"

"எல்லாரும் போறாங்க மேடம்."

இரவில் அப்படிச் சுற்றுவதற்கு அனுமதியே கிடையாது. முதுமலை வழியாக மைசூர் போகிற நெடுஞ்சாலையையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடி வைப்பது, விலங்குகள் அடிபடாமல் நடமாட வேண்டும் என்பதற்காகத்தான். அவனிடம் அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துக் கதவைத் தட்டப் போனான். கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. வெள்ளை வெளிச்சம் மரங்களின் மேல் வருடிக்கொண்டே போனது. எங்கேயோ மந்தி ஒன்று குரல் கொடுத்தது. என் மகள் போர்வைக்குள்ளிருந்து, "ஜீப்பைப் பார்த்துதாம்மா கத்துது" என்றாள்.

விடிந்ததும் கிளம்பிவிட்டோம். இரண்டாம் இரவுக்கான பணத்தைக் கேட்டேன், தரவில்லை. சமையல்காரர் ராகி உருண்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அண்ணனின் போன் நம்பரையும் கொடுத்தார்.

மசினகுடிக் கடைவீதியில் ஒரு டீக்கடையில் அவரைச் சந்தித்தோம். இரவுப் பணி முடிந்து, காக்கி உடையோடு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகளைப் பார்த்து, "எவ்வளவு வளந்துட்டே பாப்பா" என்றார். அவள் அவரை அப்போது மாமா என்றுதான் கூப்பிடுவாள், இப்போதும் அப்படியே கூப்பிட்டாள். காட்டில் என்னென்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கழுதைப்புலியின் தடத்தைப் போன வாரம் பார்த்ததாகச் சொன்னார். பாறுக் கூடுகள் இருக்கிற நீர்மருதுகளைப் பற்றிச் சொன்னார். ரிசார்ட்டைப் பற்றி அவராக எதுவும் கேட்கவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். வேலி, குழி, ஜீப், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த வழில நான் ஒரு நாற்காலிகூடப் போட விட்டதில்லீங்க" என்று மட்டும் சொன்னார். டீ ஆறிவிட்டது. அவர் குடிக்கவில்லை.

சாணியில் பார்த்ததை மகள் செல்போனில் படமாக எடுத்து வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அவரிடம் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், நான் அங்கே வேலை பார்க்கிறவன், நீங்கள் தங்கினவர்கள், நீங்கள் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு என்றார்.

என் கணவர் வெள்ளைக் காகிதம் வாங்கக் கடைக்குப் போகக் கிளம்பினார். மகள் அவரை நிறுத்தி, பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். "மயில் 11" இருக்கிற பக்கத்தைத் தாண்டி, வெற்றுப் பக்கங்கள் வருகிற இடம்வரை புரட்டினாள். நடுப்பக்கத்தைக் கிழித்து மேஜையில் வைத்தாள்.

"முதல்ல தேதி" என்றார் அவர்.

"தெரியும் மாமா" என்றாள். எழுத ஆரம்பித்தாள். 16.2.2025, மாலை 4.50, சமையலறைக்குப் பின்னால், யானைச் சாணி.